ஹட்டன் கிளையில் நூறு பழைய மாணவர்கள்

1

எங்கள் கல்லூரிச் செய்திமடல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹட்டனுக்கு வந்து சேரும். திருச்சியில் அச்சாகும்போது அதன் காகிதம் என்ன நிறமோ எனக்குத் தெரியாது. என் கைக்கு வரும்போது தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருக்கும். தபால் பையில் மழை இறங்காமல் இந்த ஊருக்கு எதுவும் வருவதில்லை. ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டுவைப்பாள் என் மனைவி திரேசா. "உங்க காலேஜ் காஞ்சிருச்சு, எடுத்துக்குங்க" என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் நான் படிக்க உட்காருவேன்.

படிக்க அப்படியொன்றும் இருக்காது. நம்முடையது வணிகக் கல்லூரி. கவிதை, கட்டுரை என்று பக்கத்தை வீணாக்க மாட்டார்கள். யார் பம்பாயில் ஆடிட்டரானார், யார் மதுரையில் வங்கி மேனேஜரானார், யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல் என்று வரிசையாக இருக்கும். ஒரு முறை கூட்டல் யந்திரம் ஒன்று வாங்கியதற்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். படத்தில் பழைய பிரின்ஸிபால் அந்த யந்திரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு, கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை நிற்பதுபோல் நின்றார். திருச்சியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். மலைக்கு மேலே, மூன்று நாளாகச் சூரியனைப் பார்க்காத வீட்டில் உட்கார்ந்து படித்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் எழுந்து வரும்.

நான் தனுஷ்கோடியில் கப்பல் ஏறிப் பத்து வருடம் நிறைந்த வாரத்தில் ஒரு மடல் வந்தது. அன்று திரேசா பாயசம் வைத்திருந்தாள். ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் மடலுமாக 'வெளிநாட்டுக் கிளைகள்' என்ற பத்திக்கு வந்தேன். அதில் இப்படி இருந்தது: 'இலங்கை மலையகக் கிளை நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுடன் துடிப்பாக இயங்கி வருகிறது. தலைவர் திரு. சபேசன். செயலாளர் திரு. அருளானந்தம்.'

அருளானந்தம் நான்தான். சபேசன் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளார்க். கிளையின் மொத்த உறுப்பினர்கள் நாங்கள் இருவர்தான்.

2

சபேசன் எனக்கு ஒரு வருடம் சீனியர். கல்லூரியில் அவரை எனக்குத் தெரியாது. இங்கே வந்த பிறகு, ஹட்டன் ரயில் நிலையத்தில் ஒரு மனிதர் போர்ட்டரிடம் ரசீது கேட்டு வாதாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். 'இவர் நம்ம காலேஜாக இருக்கணும்' என்று நினைத்துப் போய்க் கேட்டேன். ஆமாம் என்றார். அன்றே ரயில் நிலையத்து பெஞ்சில் கிளை தொடங்கப்பட்டது. சீனியர் என்பதால் அவர் தலைவர். மிச்சமிருந்தது நான்.

மாதம் ஒரு ஞாயிறு அவர் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். கூட்டம் நடக்கும். எந்தத் தீர்மானமும் நிறைவேறியதில்லை. அவர் முன்மொழிவார், நான் எதிர்ப்பேன், ஒன்றுக்கு ஒன்று. தலைவருக்கு இன்னொரு வோட்டு உண்டு என்பது அவர் கட்சி. அதைத் தீர்மானிக்கவே ஒரு தீர்மானம் வேண்டும் என்பது என் கட்சி. திரேசா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னைக்கு யாரு ஜெயிச்சா?" என்று கேட்பாள்.

அந்த மாதக் கூட்டத்தில் மடலை அவர் முன்னால் போட்டேன்.

"நூத்துக்கு மேலன்னு எழுதினீங்களா?"

"அப்படி எழுதலைய்யா. மலையகத்துல நூத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கு, நம்ம கிளை துடிப்பா இயங்குதுன்னு எழுதினேன். அவங்க சுருக்கிட்டாங்க."

"தோட்டத்தை எதுக்கு எழுதினீங்க?"

"பினாங்குக் கிளையில நாப்பது பேர்னு போட்டிருந்தான். ரங்கூன்ல அறுபது பேர். நாம ரெண்டு பேர்னு எழுத முடியுமா? பக்கத்துல என்னமாச்சும் ஒரு பெரிய நம்பர் நிக்கட்டும்னு பார்த்தேன்."

"மறுப்பு எழுதிப் போடுங்க."

"அடுத்த மடல்ல தன்னால மறந்துருவாங்க" என்று சொல்லித் தேநீரை ஊதிக் குடித்தார்.

அவர்கள் மறக்கவில்லை. சில வாரங்களில் புது பிரின்ஸிபாலிடமிருந்து கடிதம் வந்தது. கொழும்பில் ஏதோ மாநாடாம். அதை முடித்துக்கொண்டு, இத்தனை பெரிய கிளையைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனம் வரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஹட்டன் வருகிறாராம். உறுப்பினர்கள் அனைவரையும் சந்திக்க ஆவலாம்.

புது பிரின்ஸிபால் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களுக்குத் தணிக்கைப் பாடம் நடத்தியவர். வகுப்பில் ஒருவன் தும்மினால்கூட, அது உண்மையான தும்மல்தானா என்று சரிபார்க்கிற மாதிரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

3

அந்த மனிதர் வருவதில் எனக்கு ஒரு சொந்தக் காரியமும் இருந்தது. அதைச் சொல்ல இங்கே எங்கள் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடையில் எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. கடைக்கு மாடியில் ஓர் அறை. அதில் சாயங்காலம் புத்தகக் கணக்கு வகுப்பு நடத்துகிறேன். கடைப் பையன்கள் வருவார்கள், தோட்டத்திலிருந்து படித்த பிள்ளைகளும் வருவார்கள். முதலாளி தடுக்கவில்லை. மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் எலி வராது என்றார்.

நான் இந்தியக் கடவுச்சீட்டுக்காரன். இங்கே இருக்க எனக்குக் கொடுத்திருப்பது தற்காலிக அனுமதி. வருடாவருடம் கொழும்புக்குப் போய் நீட்டிக்க வேண்டும். பத்து வருடமாகத் தற்காலிகமாக இருக்கிறேன். முதல் தடவை போனபோது சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாது. அதிகாரியின் அறை வாசலில் நின்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "என்ன" என்றார். அடடா, தமிழில் கேட்கிறாரே என்று மகிழ்ந்து, நின்ற இடத்திலேயே விவரம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் மறுபடி, "என்ன, என்ன" என்றார். சரியாக விளங்கவில்லை போல என்று பிறந்த ஊரிலிருந்து தொடங்கினேன். பியூன் வந்து என் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினான். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க' என்று அர்த்தமாம். அந்த மனிதர் உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மகள் மார்கரெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு வயதில் இங்கே வந்தவள். இப்போது சிநேகிதிகளோடு சிங்களத்தில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். திருச்சியைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருப்பது எங்கள் சந்தில் அவளை முட்டிய ஓர் ஆடு மட்டும். மலைக்கோட்டையைப் பற்றி நான் பேசினால், "அந்த ஆடு அங்கதானப்பா இருந்துச்சு?" என்பாள். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்றுதான் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். பெரட்டு என்பது தோட்டத்தில் விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். நாங்கள் தோட்டத்தில் இருந்ததே இல்லை. சொல் மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அனுமதி என்றாவது ஒருநாள் நீளாமல் நின்றுவிடும் என்று எனக்கு உள்ளூரப் பயம். அதற்கு முன்னால் இவளைத் திருச்சியில் சேர்த்துவிட வேண்டும். எங்கள் கல்லூரியில் இப்போது பெண்களையும் சேர்க்கிறார்கள், ஹாஸ்டல் இடம்தான் சிரமம் என்று மடலில் போட்டிருந்தார்கள். பிரின்ஸிபால் வந்தால் நேரிலேயே கேட்டுவிடலாம். மார்கரெட்டிடம் சொன்னேன்.

"அங்க போய் என்னப்பா படிக்கிறது?"

"நான் படிச்சதுதான்."

"நீங்க படிச்சுட்டு இங்கதான வந்தீங்க. நான் ஏற்கனவே இங்கதான் இருக்கேன்" என்றாள்.

4

சபேசனுக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. தன் தோட்டத்துத் துரையிடம் நூறு பட்டதாரிகளுக்குத் தலைவர் என்று சொல்லி ஏற்கனவே ஒரு நாற்காலி வாங்கியிருந்தார். கைவைத்த நாற்காலி. அவருக்கு முன் அந்த ஆபீஸில் துரைக்கு மட்டும்தான் அப்படியொன்று இருந்தது.

"உண்மையைச் சொல்லிருங்கண்ணே. அவர் என்ன கடிச்சா தின்னுருவார்?" என்றாள் திரேசா.

"நீங்க அவர்கிட்ட படிக்கலைம்மா" என்றார் சபேசன்.

அப்புறம் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். என் மாலை வகுப்பில் படித்தவர்களை உட்கார வைக்கலாம். "நம்ம காலேஜ்ல படிச்ச உன்கிட்ட படிச்சவங்க. ஒரு வகையில காலேஜுக்குப் பேரப்பிள்ளைங்க. பேரப்பிள்ளைங்க குடும்பத்துல சேத்தியா இல்லையா?" என்றார். நான் எதிர்த்தேன். அன்றைக்குத் தனக்கு இரண்டு வோட்டு என்று அடித்துச் சொல்லிவிட்டார். பிரின்ஸிபால் முன்னால் இருவர் மட்டும் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தபோது நானும் எதிர்ப்பதை விட்டுவிட்டேன். மகளுக்கு ஹாஸ்டல் இடம் கேட்க வேண்டியவன் நான்.

பேரப்பிள்ளைகள் போதவில்லை. லிந்துலைத் தோட்டத்துக் கால்பந்துக் கோஷ்டியைச் சேர்த்தார். அதுவும் போதாமல் மாதா கோயில் பாட்டுக் குழுவில் கை வைத்தார். அந்தக் குழு திரேசாவின் ராஜ்யம். "பூசை முடிஞ்சு நேரா வர்றவங்க. அவங்களைப் பொய் சொல்ல வைக்கக்கூடாது. வேணும்னா பாடுவாங்க" என்று கட் அண்ட் ரைட்டாகச் சொல்லிவிட்டாள். சரி, கல்லூரிப் பாட்டைப் பாடட்டும் என்றார் சபேசன். வார்த்தைகள் எங்களுக்கு ஞாபகம் இருந்தன. மெட்டு ஞாபகம் இல்லை. அவர் ஒரு மெட்டில் பாடினார், நான் ஒன்றில் பாடினேன். திரேசா இரண்டையும் கேட்டுவிட்டு, மாதா பாட்டு மெட்டு ஒன்றில் வார்த்தைகளை ஏற்றிவிட்டாள்.

மற்றவர்களுக்கு மாடியறையில் பயிற்சி நடந்தது. சபேசன் கரும்பலகையில் எங்கள் கல்லூரிக்குப் படம் போட்டார். இது நுழைவாயில், இது வேப்பமரம், இது ஹாஸ்டல், மெஸ்ஸில் வியாழக்கிழமை ராத்திரி உப்புமா, ரொம்ப நன்றாக இருக்கும். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். கோல்கீப்பர் ஒருவன் ஆர்வமாகிக் கேட்டான்: "வேப்பமரத்துக்குக் கீழ நாங்க என்ன செஞ்சோம்ங்க?"

"படிச்சீங்க" என்றார் சபேசன்.

கடைசி பெஞ்சில் பார்வதி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை அறிமுகப்படுத்த வேண்டும். லிந்துலையில் ஒரு தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறைக்கு அங்கே அப்படிப் பேர். வேலை முடிந்து பஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். அப்பா காளிமுத்து தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். என் வகுப்பில் அவளுக்குக் கணக்கில் தப்பு வரும். ஆனால் வந்த தப்பை ஒளித்துவைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"நீ ஏம்மா சொல்ல மாட்டேங்குற?" என்று சபேசன் கேட்டார்.

"கவர்மெண்டுக் கந்தோருக்குப் போனா, நீ இந்தியாக்காரின்னு சொல்றாங்க. நான் இங்க பொறந்தவன்னு நிரூபிக்க மூணு வருசமா அலையுறோம். இங்க வந்தா நான் திருச்சியில படிச்சவன்னு சொல்லச் சொல்றீங்க. எங்க வந்தாலும் நான் பாக்காத ஊரு ஒண்ணு எனக்குச் சொந்தமாயிருதுங்க" என்றாள்.

சபேசன் என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

"வருவியா, மாட்டியா?" என்று கேட்டேன்.

"வர்றேன் மாஸ்டர். உக்காருறேன். வாயை மட்டும் என்கிட்டயே விட்டுருங்க."

5

ஞாயிறு. ரயில் வந்தது. பிரின்ஸிபால் இறங்கினார். தலை நரைத்திருந்தது, கண்ணாடி மாறவில்லை. என்னைப் பார்த்து, "அருளானந்தம். மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம். மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துறவன்" என்றார். மழைக்குப் பயந்தவனை வாழ்க்கை கொண்டுவந்து விட்ட ஊரை ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு குடையை விரித்தார்.

மாதா கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாட்டுக் குழு கல்லூரிப் பாட்டைப் பாடியது. அழகாகப் பாடினார்கள். பாட்டு முடிகிற இடத்தில் பழக்கதோஷத்தில் இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிரின்ஸிபால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சபேசன் வரவேற்றுப் பேசினார். பினாங்கை ஒரு முறை லேசாக இழுத்தார். அப்புறம் பிரின்ஸிபால் எழுந்தார். மேடையில் நின்று பேசவில்லை. இறங்கி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். எல்லா வவுச்சரையும் பார்க்க முடியாது, அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துப் பார், கள்ளம் தானே வெளியே வரும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்ததே அவர்தான்.

ஒரு பையனுக்கு முன்னால் நின்றார். "ஹாஸ்டலா?"

"ஆமாங்க."

"மெஸ் எப்படி?"

"வியாழக்கிழமை உப்புமாங்க. ரொம்ப நல்லா இருக்கும்ங்க."

இரண்டு வரிசை தள்ளி இன்னொருவரைக் கேட்டார். அவரும் உப்புமா நன்றாக இருக்கும் என்றார். கோல்கீப்பரிடம் வந்தார். அவன் கேட்காமலேயே சொன்னான்: "அந்த உப்புமா ருசி இன்னும் நாக்குலயே நிக்குதுங்க. வேப்பமரத்தடியில உக்காந்து சாப்புடுவோம்."

பிரின்ஸிபால் திரும்பி சபேசனைப் பார்த்தார். "நான் மதுரைக் கிளைக்குப் போயிருக்கேன். பம்பாய் போயிருக்கேன். அந்த உப்புமாவைத் திட்டாத பழைய மாணவன் ஒருத்தனை நான் இன்னும் பார்க்கலை. இங்க மண்டபம் முழுக்க இருக்காங்க."

சபேசன் கைக்குட்டையைத் தேடினார். பிரின்ஸிபால் நடந்து கடைசி வரிசைக்கு வந்து பார்வதியின் முன் நின்றார்.

"நீ எந்த செட்டும்மா?"

பார்வதி எழுந்தாள். ஒரு முறை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேனா இல்லையா என்று இன்றுவரை திரேசாவுக்கும் எனக்கும் தகராறு. அசைத்தேன் என்பது என் கட்சி.

"நான் அந்தக் காலேஜைப் பாத்ததில்லைங்க. இங்க இருக்குறவங்க யாரும் பாத்ததில்ல, மாஸ்டரையும் கிளார்க்கையாவையும் தவிர. நாங்க மாஸ்டர்கிட்ட மாடியில படிக்கிறவங்க. இந்தியாவையே பாக்காம இந்தியாக்காரியா இருக்கேன், காலேஜைப் பாக்காம பழைய மாணவியா இருந்தா என்னன்னு மனசைத் தேத்திக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா அந்த உப்புமாவை நல்லா இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்க பாருங்க, அது முடியலைங்க. மாஸ்டர் அதைத் திட்டாம ஒரு கிளாஸும் எடுத்ததில்ல."

பிரின்ஸிபாலின் தோள் இரண்டும் குலுங்கின. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் அது சிரிப்புதான் என்று எனக்கு உடனே தெரியவில்லை. மார்கரெட்தான் என் காதில், "சிரிக்கிறாருப்பா, மூச்சு விடுங்க" என்றாள்.

"கரும்பலகை இருக்கா?" என்று கேட்டார்.

ஞாயிறு மறைக்கல்விக்கு வைத்திருந்த பலகை வந்தது. ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். பொய்க் கணக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பாடம். உதாரணத்துக்கு 'ஒரு மலையகக் கிளை'யை எடுத்துக்கொண்டார். பேர் சொல்லவில்லை. தேவையும் இல்லை. சபேசன் முன்வரிசையில் உட்கார்ந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நோட்டு எடுத்துக்கொண்டார். அதுவரை சுவரில் சாய்ந்திருந்த கால்பந்துக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முடிவில் பார்வதியைப் பலகைக்குக் கூப்பிட்டு ஓர் இருப்புக் கணக்கு போடச் சொன்னார். போட்டாள். ஓரிடத்தில் பற்றை வரவில் எழுதிவிட்டு, அவளே கண்டுபிடித்து, "இது தப்புங்க" என்று அழித்தாள்.

"உனக்கு நம்ம காலேஜ்ல இடம் தரேன். ஹாஸ்டலும் தரேன். எப்ப வர முடியும்?"

நான் என் மகளுக்காகக் கேட்க வைத்திருந்த இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"எனக்குப் பாஸ்போர்ட் இல்லைங்க."

"எடுத்துக்கலாமே."

"எடுக்க ஒரு நாடு வேணும்ங்க. இந்த நாடு, நீ எங்க ஆள் இல்லன்னுது. அந்த நாட்டுல எங்க பேர் ஒண்ணுலயும் இல்ல. அப்பா மனுப் போட்டாரு. தள்ளிட்டாங்க. ஒரு தடவை ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிடப் போயிட்டு வந்தாராம். அப்ப அவரு இந்த நாட்டுல தொடர்ந்து இல்லையாம்."

பிரின்ஸிபால் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பலகையின் இடப்பக்கத்தைப் பார்த்தார், வலப்பக்கத்தைப் பார்த்தார்.

"இதை எந்தப் பக்கம் எழுதுறது?" என்றார். எங்களைக் கேட்கவில்லை. தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ரயிலுக்குப் போகும் வழியில்தான் என் காரியத்தை மெல்ல எடுத்தேன். உடனே சரி என்றார். மகளையும் அனுப்பு என்றார். மார்கரெட் எங்களுக்கு முன்னால் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தாள். நின்று திரும்பினாள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார். இங்க என்னை இந்தியாக்காரின்னு சொல்றாங்க. அங்க வந்தா சிலோன்காரின்னு சொல்லுவாங்க. இது பழகிருச்சு, அது புதுசா பழகணும்" என்றாள்.

பிரின்ஸிபால் என்னைப் பார்த்து, "பயப்படாதே. உன்னை மாதிரி ஜன்னலைச் சாத்துற பொண்ணு இல்ல இவ" என்றார். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று ரயில் போன பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

6

அடுத்து நடந்ததைத் திருச்சியில் இருக்கும் பழைய மாணவர்களான நீங்கள் பாதி அறிவீர்கள். நேரில் வர முடியாதவர்களுக்காக ஒரு கணக்கியல் சான்றிதழ்த் தேர்வை வெளியூரிலிருந்தே எழுதலாம் என்று கல்லூரிக் குழுவில் பிரின்ஸிபால் பேசி முடிவெடுக்க வைத்தார். ஹட்டன் ஒரு தேர்வு மையம் ஆனது. மையம் என்பது எங்கள் மாடியறைதான்.

மறுபாதி உங்களுக்குத் தெரியாது. வினாத்தாள் கட்டைத் தலைமன்னாரில் சுங்கத்தில் பிரித்துவிட்டார்கள். உள்ளே 'ட்ரையல் பாலன்ஸ்' என்று இருந்ததைப் பார்த்து, இது எந்தக் கோர்ட்டில் நடக்கிற விசாரணை என்று அதிகாரி கேட்டாராம். விளக்கம் எழுதினோம். சிங்களத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். மார்கரெட் எழுதினாள். ஒரு தகப்பன் தன் அலுவலகக் காரியத்துக்கு மகளின் பக்கத்தில் நின்று, அவள் என்ன எழுதுகிறாள் என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுகிற நாள் வரும் என்று நான் எண்ணியதில்லை. "என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டேன். "எங்க அப்பா நல்லவர், வினாத்தாளைக் குடுத்துருங்கன்னு எழுதியிருக்கேன்" என்றாள். கட்டு வந்து சேர்ந்துவிட்டது, அதனால் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. தேர்வுத் தேதி போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. எழுதினார்கள்.

சபேசன் மேற்பார்வையாளர். கைவைத்த நாற்காலியைத் தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, அதில் உட்கார்ந்து மேற்பார்த்தார். கோல்கீப்பர் இரண்டு பாடத்தில் போய்விட்டான். இன்னொரு தடவை எழுதுகிறானாம். பார்வதி தேறினாள். தலவாக்கலையில் ஒரு கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுத எடுத்துக்கொண்டார்கள். அங்கே பாஸ்போர்ட் கேட்கவில்லை.

மார்கரெட் திருச்சிக்குப் போகவில்லை. அவளும் இங்கிருந்தே எழுதப் போகிறாள். இப்போது மாடியில் தொடக்க வகுப்பை அவள்தான் எடுக்கிறாள். போன மாதம் என் அனுமதியை இன்னொரு வருடத்துக்கு நீட்டினார்கள். நான் இதை உங்களுக்கு எழுதுவது ஊருக்குத் திரும்பி வராததற்குச் சமாதானம் சொல்வதற்காக அல்ல. போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்ல.

கடையில் இருந்தேன். பார்வதியின் அப்பா காளிமுத்து வந்தார். வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்டிருந்தார். தோட்டத்து ஆட்கள் கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும்தான் கோட்டு போடுவார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வாங்க, என்ன சமாச்சாரம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லைங்க மாஸ்டர். எங்க புள்ள படிச்ச காலேஜைப் பாக்கணும்."

"காலேஜ் திருச்சியிலல்ல இருக்கு" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மாடிக்குக் கூட்டிப்போனேன். படிக்கட்டில் செருப்பைக் கழற்றினார். வேண்டாம், தரை சில்லென்று இருக்கும் என்றேன். கேட்கவில்லை. உள்ளே நாலைந்து பெஞ்சு, மேசை, பலகை, மூலையில் மிளகாய் மூட்டை. நின்று சுற்றிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பலகைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார், தொடவில்லை.

"எங்க உக்காருவா?"

கடைசி பெஞ்சைக் காட்டினேன். போய் நடுவில் உட்கார்ந்தார்.

"இந்த எடமா?"

"இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம்."

நகர்ந்து உட்கார்ந்தார். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கையிரண்டையும் மேசையின் மேல் வைத்தார்.

"நீங்க போய்க் கடையைப் பாருங்க மாஸ்டர். நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன்."

கதவைச் சாத்தாமல் இறங்கி வந்தேன்.